அயர்லாந்தில் வார இறுதி ஹார்ப் முகாம்: முதன்முறை போகிறவர்களுக்கு

நம் யாழைப் போன்ற தந்தி வாத்தியமான ஹார்ப்பை வாசிக்கத் தொடங்குவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. வெள்ளி மாலை முதன்முதலாகத் தொடுகிறவர்கூட ஞாயிறு மதியத்துக்குள் ஒரு சின்ன மெட்டை வலது கையால் வாசித்துவிடுவார். அந்த வெள்ளி மாலை, பாஸ்போர்ட்டில் விசாவும் எதிரே ஒரு ஹார்ப்புமாகப் போய் உட்காருவதுதான் பெரும்பாடு. நான் டப்ளினில் வேலை பார்க்கிறேன். அக்கா கோவையில் இருக்கிறாள், வீணை வாசிப்பாள். இருவரும் சேர்ந்து ஒரு முகாமுக்குப் போவதற்குள் ஆளுக்கொரு பக்கம் அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வரிசை முக்கியம்: முதலில் ஹார்ப், அடுத்து முகாமில் இடம், பிறகு விசா, கடைசியாக விமான டிக்கெட். பெரும்பாலானவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. எந்த ஹார்ப் என்று முடிவு செய்யுங்கள்

'ஐரிஷ் ஹார்ப் பயிற்சி' என்று அறிவிப்பில் போட்டிருந்தால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இன்று அதிகம் பேர் வாசிப்பது லீவர் ஹார்ப். தந்திகளின் மேல்முனையில் சுருதியை அரைச் சுரம் ஏற்றும் சின்ன நெம்புகோல்கள்தான் லீவர்கள். நைலான், கார்பன் அல்லது குடல் நரம்புத் தந்திகள், பெரும்பாலும் 34. வலது தோளில் சாய்த்து, விரல் நுனிச் சதையால் மீட்டுவார்கள். மற்றொன்று பழைய முறை ஹார்ப். இதில் உலோகக் கம்பி. இடது தோளில் சாய்த்து, நகத்தால் மீட்டுவார்கள். இரண்டுக்கும் கைமுறை வேறு, ஆசிரியர்கள் வேறு, முகாம்களும் பெரும்பாலும் வேறு.

முதன்முறை என்றால் லீவர் ஹார்ப்பையே எடுங்கள். வாடகைக்குக் கிடைப்பதும் ஊர் திரும்பிய பிறகு இணையத்தில் ஆசிரியர் கிடைப்பதும் இதற்குத்தான் சுலபம். கம்பி ஹார்ப்பின் மணி போன்ற ஒலியில் மனம் போய்விட்டவர்கள், இப்போதிருந்தே நகம் வளர்க்கத் தொடங்குங்கள். குடல் நரம்பைத் தொடச் சங்கடப்படும் சைவர்கள் நைலான் தந்தி வேண்டும் என்று முன்பே சொல்லிவிடலாம். யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

2. முகாமைத் தேர்ந்தெடுங்கள்

தங்கிப் படிக்கும் முகாம்களில் பலருக்கும் தெரிந்தது, கார்ஜ நா கிருட்ச என்ற அமைப்பு லவுத் மாவட்டத்தின் டெர்மன்ஃபெக்கின் கிராமத்தில் கோடையில் நடத்திவரும் சர்வதேச ஹார்ப் விழா. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் அதன் வழக்கமான காலம். அது வார இறுதியைவிட நீளம். விடுப்பு கிடைப்பவர்களுக்கு ஏற்றது. கம்பி ஹார்ப்புக்கு கில்கென்னியில் ஆகஸ்டில் நடக்கும் ஸ்கொல் நா க்ளார்ஷாக் என்ற கோடைப் பள்ளி இருக்கிறது. வார இறுதிதான் வேண்டும் என்றால் அக்டோபரைப் பாருங்கள். மீத் மாவட்டத்து நாபர் கிராமத்தில் அந்தக்கால ஹார்ப் இசைக்கலைஞர் கரோலன் பெயரில் நடக்கும் விழா, மேயோ மாவட்டத்து ஆக்கில் தீவில் நடக்கும் விழா இரண்டுமே அந்த மாதத்தில் வருபவை. கச்சேரிகளோடு பயிற்சி வகுப்புகளும் இருக்கும். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை நாடு முழுக்க ஹார்ப் தினம். அன்று பல ஊர்களில் 'வந்து தொட்டுப் பாருங்கள்' வகையில் அறிமுக நிகழ்ச்சிகள் நடக்கும். முகாமுக்குப் பணம் கட்டத் தயக்கமாக இருந்தால் முதலில் அதற்குப் போய்விட்டு வாருங்கள். இவை தவிர, ஹார்ப் கலைஞர்களே ஏதாவது ஒரு பண்ணை வீட்டிலோ பழைய மடத்திலோ ஏழெட்டுப் பேரை வைத்து நடத்தும் சிறு முகாம்களும் உண்டு. நாங்கள் போனது அப்படி ஒன்று. ஹார்ப் அயர்லாந்து அமைப்பின் நிகழ்ச்சி நாட்காட்டியில் தேடத் தொடங்கலாம்.

தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு எல்லாம் சேர்ந்த வார இறுதிக்கு, நாங்கள் விசாரித்தவரை 300 முதல் 500 யூரோ வரை சொன்னார்கள். தனி அறைக்குக் கூடுதல். வகுப்புக்கு மட்டும் போய்விட்டு வெளியே தங்கினால் கட்டணம் குறையும், ஆனால் கிராமத்தில் தங்குமிடம் தேடுவது தனித் தலைவலி. முன்பணம் கட்டுவதற்கு முன், விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு முகாம் நடத்துபவர்கள் பலருக்கு இந்தக் கேள்வி புதிது. ஆனால் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருகிறார்கள்.

நிலையைக் குறிப்பிடும்போது தற்பெருமை வேண்டாம். 'இம்ப்ரூவர்' என்ற பிரிவைப் பார்த்துவிட்டு, நமக்குத்தான் வீணை தெரியுமே, கீபோர்டு தெரியுமே என்று அதில் சேராதீர்கள். ஹார்ப்பில் இரண்டு கையாலும் சில மெட்டுகளாவது வாசிக்கத் தெரிந்தவர்களுக்கான பிரிவு அது. எத்தனை வருடம் சங்கீதம் படித்திருந்தாலும் முதல் முகாமுக்கு முழுத் தொடக்கநிலைதான் சரி.

3. ஹார்ப்பை உறுதி செய்யுங்கள்

முகாமில் இடம் கிடைத்தால் ஹார்ப்பும் தருவார்கள் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. பல முகாம்களில் வருகிறவர்களே கொண்டுவர வேண்டும் என்பதுதான் விதி. வாடகை ஹார்ப்புகள் இருந்தாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும், முதலில் கேட்டவருக்கே போகும். அதனால் பதிவுப் படிவத்தை நிரப்பும் முன்பே 'எனக்கு வாடகை ஹார்ப் ஒதுக்க முடியுமா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு முகாம் பாருங்கள்.

அயர்லாந்தில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கார்ஜ நா கிருட்ச அமைப்பு மாணவர்களுக்கு ஹார்ப் வாடகைக்குத் தருகிறது. சில ஹார்ப் கடைகளும் மாதக் கணக்கில் தருகின்றன. காத்திருப்போர் பட்டியல் இருக்கலாம், சில மாதம் முன்பே பெயர் கொடுத்து வையுங்கள். காரில் ஏற்றப் பின் இருக்கையை மடக்க வேண்டியிருக்கும். 34 தந்தி ஹார்ப் நெஞ்சு உயரம் வரும், எடையும் பத்துக் கிலோவைத் தாண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது கொடுப்பவர் எதிரிலேயே இவற்றைப் பாருங்கள்:

- எல்லாத் தந்திகளும் இருக்கின்றனவா. நடுவில் ஒன்று இல்லாவிட்டால் பார்த்தவுடன் தெரியாது.
- ஒவ்வொரு லீவரையும் மேலே தள்ளி அந்தத் தந்தியை மீட்டிப் பாருங்கள். சரியாக அரைச் சுரம் ஏற வேண்டும், 'ஸ்ஸ்' என்று அதிரக் கூடாது.
- சுருதி சேர்க்கும் சாவி பையில் இருக்கிறதா. தந்தி சுற்றியிருக்கும் ஆணியின் அளவு ஹார்ப்புக்கு ஹார்ப் மாறும், அடுத்தவர் சாவி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.
- தந்தி அறுந்தால் யார் செலவு, பலகையில் கீறல் விழுந்தால் யார் செலவு.

போனில் நாலு பக்கமும் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். எனக்கு வந்த ஹார்ப்பின் அடிப்பாகத்தில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. முன்பணத்தைத் திருப்பித் தரும்போது கொடுத்தவர் அதைப் பற்றி இழுத்தார், படத்தைக் காட்டியதும் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஊரிலிருந்து ஹார்ப்பை விமானத்தில் கொண்டுவரும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

4. விசா

முதல் செய்தி: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோவும் புழங்குகிறது, ஆனால் ஷெங்கனில் இல்லை. பாரிஸ் வரை வந்துவிட்டு டப்ளின் விமானத்தில் ஏற முடியாமல் நிற்பவர்கள் இந்தக் குழப்பத்தில்தான் மாட்டுகிறார்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் என்றால் குறுகிய வருகைக்குத் தேவையில்லை. குறுகிய கால 'சி' விசாவுக்கு ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. இந்தியாவில் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். மறுத்தால் பணம் திரும்பாது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அந்த மூன்று மாதம் தொடங்கியதுமே விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வர எட்டு வாரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பாதுகாப்பு. கோடையில் கூட்டம் அதிகம். விண்ணப்பம் இணையத்தில், பிறகு அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஆவணங்களோடு மையத்தில் கொடுக்க வேண்டும். அக்காவின் கோப்பில் இருந்தவை:

- பாஸ்போர்ட். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளும்.
- ஏன் வருகிறேன், எத்தனை நாள், எங்கே தங்குகிறேன், ஏன் திரும்பிப் போவேன் என்று தானே எழுதிய கடிதம்.
- முகாம் நடத்துபவரின் கடிதம்: பெயர், தேதி, இடம், தங்குமிடமும் சாப்பாடும் கட்டணத்தில் அடக்கம் என்ற வரி, கட்டிய தொகைக்கு ரசீது.
- ஆறு மாத வங்கி அறிக்கை. விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் கேள்வி வரும், அதற்கு விளக்கம் இணைக்க வேண்டும்.
- வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம்.
- பயணக் காப்பீடு.
- என்னுடைய அழைப்புக் கடிதம், குடிவரவு அட்டையின் நகல், நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்பதற்குச் சான்று.

கடைசியில் சொன்னது பெரிய வேலை வாங்கியது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வேறு நாட்டு விசா எப்போதாவது மறுக்கப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதி, மறுப்புக் கடிதத்தையும் வையுங்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும்.

லண்டன் வழியாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் குடிமக்கள் இந்தியாவிலிருந்து விண்ணப்பித்து வாங்கும் சில பிரிட்டன் விசாக்கள் அயர்லாந்துக்கும் செல்லும். இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். பிரிட்டனுக்குள் நுழைந்த குறுகியகாலப் பயணிகளுக்கு ஐரிஷ் விசா விலக்குத் தரும் இன்னொரு திட்டமும் உண்டு. அதைக் காலக்கெடு வைத்து நீட்டித்து வருகிறார்கள், அதனால் கிளம்பும் முன் ஐரிஷ் குடிவரவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் இந்த இரண்டையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சாவடி கிடையாது, ரயில் பாட்டுக்கு வடக்கே போய்க்கொண்டே இருக்கும். பிரிட்டன் விசா இல்லாமல் 'ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்' என்று ஏறிவிடாதீர்கள். என்னைப்போல் அயர்லாந்தில் குடியிருக்கும் இந்தியர்களுக்கும் இதே விதிதான்.

5. டிக்கெட்டும் போக்குவரத்தும்

விசா கையில் வந்த பிறகு டிக்கெட். விண்ணப்பத்தோடு உத்தேசப் பயணத் திட்டம் காட்டினால் போதும். முடிவு வரும் முன் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று குடிவரவுத் துறையே சொல்கிறது.

முகாம் வெள்ளி மாலை என்றால் புதனே வந்து இறங்கிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தோடு 34 தந்திக்குச் சுருதி சேர்ப்பது கொடுமை. டெர்மன்ஃபெக்கினுக்கு டப்ளினிலிருந்து ட்ராஹெடா வரை ரயிலோ பஸ்ஸோ பிடித்து, அங்கிருந்து டாக்சி. ஆக்கில் தீவுக்கு டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட் வரை ரயில், பிறகு பஸ். தீவு என்றாலும் பாலம் இருக்கிறது. கிராமத்துப் பஸ்கள் நாளுக்குச் சில நடைதான், ஞாயிறு இன்னும் மோசம். திரும்பும் பஸ் நேரத்தை முதலில் பாருங்கள். அக்டோபர் கடைசித் திங்கள் அரசு விடுமுறை. அந்த வார இறுதியில் அறை வாடகை எகிறும்.

6. கிளம்பும் முன் கைகளைக் கவனியுங்கள்

லீவர் ஹார்ப்புக்கு இரு கை நகங்களையும் ஒட்ட வெட்ட வேண்டும். விரலை நேராகப் பார்த்தால் நகம் தெரியக் கூடாது. அழகு நிலையத்தில் ஒட்டிய நகத்தோடு வந்த பெண் ஒருவர் முதல் நாள் பாதி வகுப்பை ஊறவைத்துச் சுரண்டுவதிலேயே கழித்தார். மோதிரம், வளையல், பிரேஸ்லெட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வளையல் பலகையில் இடித்தால் மரம் கீறும், சத்தமும் அறை முழுக்கக் கேட்கும். கழற்ற மனமில்லாதவர்கள் முழங்கைப் பக்கம் ஏற்றித் துணியால் கட்டிக்கொள்ளலாம்.

விரல் நுனியில் கொப்புளம் வரும். வந்தால் ஓய்வு கொடுங்கள், வலியோடு மீட்டினால் கைமுறை கெட்டுப்போகும். பையில் வைக்க வேண்டியவை: கவ்விப் பிடிக்கும் எலக்ட்ரானிக் ட்யூனர், ஒலிப்பதிவுக்குப் போன், ஸ்வெட்டர். பழைய கட்டடங்களில் ஆகஸ்டிலும் குளிரும்.

சைவம் என்பதைப் பதிவின்போதே சொல்லுங்கள், முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்து. 'காய்கறி சூப்' என்பதில் கோழி வேகவைத்த நீர் கலந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தால் உருளைக்கிழங்கு மேல் உருளைக்கிழங்காக வரும் சாப்பாட்டைச் சமாளித்துவிடலாம்.

7. வெள்ளி மாலை: சுருதி

ஹார்ப் அறைக்கு வந்ததும் உறையைக் கழற்றி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். காரின் குளிரிலிருந்து அறையின் சூட்டுக்கு வந்ததும் சுருதி நகரும், உடனே சேர்ப்பது வீண் வேலை.

மேற்கத்திய சுரப் பெயர்களில், சிவப்புத் தந்தி 'சி', கறுப்பு அல்லது நீலம் 'எஃப்'. இதை மனதில் வைத்தால் மற்றவற்றை எண்ணிக்கொள்ளலாம். லீவர்கள் எல்லாம் கீழே இருக்கும்போது பெரும்பாலும் 'ஈ ஃபிளாட்' சுருதியில் சேர்ப்பார்கள். அதாவது பி, ஈ, ஏ மூன்றும் அரைச் சுரம் குறைவாக. ட்யூனர் 'ஈ ஃபிளாட்' என்று காட்டாமல் 'டி ஷார்ப்' என்று காட்டினால் பதற வேண்டாம், இரண்டும் ஒன்றே. பதறி 'டி ஷார்ப்'பை 'ஈ'க்கு ஏற்றினால்தான் ஆபத்து.

தந்தி அறுவதற்கு முக்கியக் காரணம் தவறான ஆணியில் சாவியைப் போடுவது. ஒரு கையால் தந்தியை மீட்டிக்கொண்டே அதன் வழியாக மேலே விரலை நகர்த்தி ஆணியைக் கண்டுபிடியுங்கள். சாவியைத் திருப்புவது மயிரிழை அளவுதான். வீணைப் பிரடையைத் திருப்பும் வேகம் இங்கே வேண்டாம்.

8. சனிக்கிழமை: வகுப்பு

கைப்பிடி இல்லாத நாற்காலி. ஹார்ப்பை மெல்லச் சாய்த்தால் ஓர் இடத்தில் எடையே தெரியாது. அந்த இடத்தில் வலது தோள் அதைத் தொட்டால் போதும், தாங்கக் கூடாது. வலது கை மேல் ஸ்தாயி, இடது கை கீழ். இடது கைக்காரர்களுக்கும் இதே முறைதான்.

பெருவிரல் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று விரல்கள் கீழ்நோக்கி இருக்கும், சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. மீட்டியதும் விரல் உள்ளங்கைக்குள் மடங்க வேண்டும். வெளியே சுண்டிவிட்டால் ஒலி மெலிந்துவிடும். அடுத்து வரும் சுரங்களுக்கான தந்திகளில் விரல்களை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் முதல் நாள் பாடத்தில் பாதி. அக்காவுக்கு இதில் தடுக்கியது சுண்டுவிரல். வீணையில் தாளத் தந்தியைத் தட்டுவது அதுதானே. ஒவ்வொரு நாலாம் எண்ணிக்கைக்கும் அது தானாக நீண்டு பக்கத்துத் தந்தியை உரசியது. ஆசிரியை கடைசியில் அதற்குள் ஒரு சின்ன ரப்பரை மடித்துப் பிடிக்கச் சொன்னார். மதியத்துக்குள் அடங்கிவிட்டது.

தாள் தர மாட்டார்கள், தந்தாலும் கடைசியில்தான். ஆசிரியர் ஒரு துண்டு வாசிப்பார், நீங்கள் திருப்பி வாசிப்பீர்கள், அப்புறம் அடுத்த துண்டு. பாட்டு வாத்தியாரிடம் படித்தவர்களுக்கு இது பழகிய முறை. திணறுவது தாளைப் பார்த்துப் பியானோ கற்றவர்கள்தான். பி, ஈ, ஏ லீவர்களை மேலே தள்ளிவிட்டு 'சி'யிலிருந்து வாசித்தால் சங்கராபரணம். அதே தந்திகளை 'டி'யிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, 'ஜி'யிலிருந்து ஹரிகாம்போதி. ஐரிஷ் மெட்டுகளில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும், அதனால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கமகத்தை மட்டும் மறந்துவிடுங்கள். இங்கே தந்தியை இழுக்க வழியில்லை, அசைவுக்குப் பதிலாகப் பக்கத்துச் சுரத்தைச் சட்டென்று தொட்டுவிட்டு வரும் அலங்காரம்தான்.

ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள், அதைப் பொதுவில் போடாதீர்கள். ஒவ்வொரு மெட்டையும் ஒருமுறை மெதுவாக, ஒருமுறை வேகமாக வாசிக்கச் சொல்லிப் பதிந்தால் ஊரில் உதவும்.

இரவில் எல்லோரும் கூடி வாசிப்பார்கள். முதல் முகாமில் கேட்பவராக உட்காருங்கள். யாராவது 'நீங்களும் வாசியுங்கள்' என்றால் அன்று படித்த துண்டை வாசிக்கலாம், எத்தனை மெதுவாக இருந்தாலும் கூட இருப்பவர்கள் அந்த வேகத்துக்கே வருவார்கள். கேட்காமல் அடுத்தவர் ஹார்ப்பைத் தொடாதீர்கள்.

9. முகாம் முடிந்த பிறகு

ஞாயிறு உற்சாகத்தில் ஹார்ப் வாங்கிவிடாதீர்கள். காமாக், சால்வி போன்ற நிறுவனங்களின் புது 34 தந்தி லீவர் ஹார்ப் பெரும்பாலும் 2,500 யூரோவுக்கு மேல்தான். ஐரிஷ் தச்சர்கள் கையால் செய்வதற்கு விலை அதிகம், காத்திருக்கவும் வேண்டும். இணையத்தில் ஐந்நூறு யூரோவுக்குள் செதுக்கு வேலைப்பாட்டோடு விற்கும் ஈட்டிமர 'கெல்டிக் ஹார்ப்' வீட்டு அலங்காரத்துக்கு நன்றாக இருக்கும். சுருதி நிற்காது, லீவர் சரியாக ஏற்றாது, பல ஆசிரியர்கள் அதை வைத்துச் சொல்லித்தர மறுத்துவிடுவார்கள்.

அயர்லாந்தில், பிரிட்டனில் இருப்பவர்கள் சில மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. இந்தியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் கெட்டியான பெட்டி, விமான நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி, வாங்கிய ரசீது மூன்றையும் தயாராக வைத்திருங்கள். வரியில்லா வரம்புக்கு மேல் போனால் சுங்க வரி உண்டு. வாங்கும் கடையிலேயே அந்த ஹார்ப்புக்கான தந்தி அளவுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அடிக்கடி அறும் மேல் ஸ்தாயித் தந்திகளில் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் அவை கடையில் கிடைப்பதில்லை. அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் நான்தான் தபாலில் அனுப்புகிறேன்.